காதில் சீழ் வடிவது ஏன் நிற்பதில்லை?
நடுச்செவி அழற்சியும் உடலின் அறிவிப்பு முறையும்

கூட்டுறவுச் சங்கத்தின் வேலைகள் யாவும், ஒருவர் எடுத்துரைக்க ஏனையோர் கேட்டு, பின்னர் அனைவரும் கூடி முடிவு செய்வது என்னும் முறையிலேயே நடைபெறுகின்றன. பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. நூல் கொள்முதல், கூலி விகிதம், பயிர்க்கடன் தவணை முதலியவை விவாதிக்கப்படுகின்றன. நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், பின்வரிசையில் அமர்ந்து, மற்றவர் கை தூக்கும்போது தாமும் தூக்கி, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுச் செல்லும் அங்கத்தினர் சிலரைக் காண்பதுண்டு. அவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். விசாரித்தால், சிறு பிராயத்தில் காதில் சீழ் வடிந்தது, அன்று முதல் காது மந்தம் என்று சொல்வோர் அவர்களுள் உளர். பதிவேட்டில் அவர்களுடைய கையொப்பம் இருக்கிறது. தீர்மானம் அவர்களுடைய செவிக்கு எட்டவில்லை.

நெசவாளர் வீடுகளில் இந்த மந்தத்தைத் தறிச் சத்தத்தின்மேல் சுமத்திவிடுவதும் வழக்கம். விசைத்தறிக் கூடத்தின் இடைவிடாத பேரொலி உட்செவியின் நுண்ணிய உயிரணுக்களைக் கெடுப்பது உண்மையே. ஆனால் அதனால் சீழ் வடியாது. செவிப்பறையில் துவாரம் விழாது. சீழ் வடிந்த காதின் கேடு வேறு, அதன் காரணம் வேறு, அதற்குரிய பரிகாரமும் வேறு.

சளியும் காய்ச்சலும் கண்ட குழந்தைக்குக் காதுவலி வருகிறது. பல குழந்தைகளுக்கு அது சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் சீழ் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வடிந்துகொண்டே இருப்பது ஏன்? கிருமிகளே காரணம் என்பது பாதி விடைதான். கிருமியைக் கண்டு நமது உடல் தானே எழுப்பும் அறிவிப்புகள் ஓயாமல் தொடர்வதே மற்றப் பாதி. அதனை அறிந்தால், வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதும் தெளிவாகும். ஆகவே அதனை இங்குச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நோயின் பரப்பு

செவிப்பறையில் துவாரம் விழுந்து, அதன் வழியே இரண்டு வாரங்களுக்கு மேல் சீழோ நீரோ வடிந்துகொண்டிருப்பதை நாட்பட்ட நடுச்செவிச் சீழ்நோய் என்று உலக சுகாதார ஸ்தாபனம் குறிக்கிறது. அந்த ஸ்தாபனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறரைக் கோடி முதல் 33 கோடி வரையிலான மக்களுக்குக் காதில் சீழ் வடிகிறது என்று மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 100க்கு 60 பேர் குறிப்பிடத்தக்க செவிக்குறைவு உடையவர்கள். ஒரு நாட்டு மக்களுள் 100க்கு 4 பேருக்கு மேல் இந்நோய் காணப்படின், அது உடனே கவனிக்கப்பட வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்றும் வகுக்கப்பட்டது. அவ்வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது.

நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், கிராமப்புறக் குழந்தைகளைச் சோதித்து 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி, 100க்கு ஏறத்தாழ 6 குழந்தைகளுக்கு இந்நோய் இருந்ததைக் காட்டியது. நமது சங்கக் கணக்கின் முறையிலேயே இதனைப் பார்க்கலாம். ஒரு சங்கத்தின் அங்கத்தினர் குடும்பங்களில் 200 குழந்தைகள் இருப்பின், அவ்விகிதப்படி 12 குழந்தைகள் சீழ்க்காதுடன் இருப்பர். அவர்களுள் சிலர் பள்ளியில் மந்தபுத்தி உடையவர்கள் என்று பெயர் வாங்கியிருப்பர். புத்தியில் குறையில்லை; ஆசிரியர் கூறியது காதில் விழவில்லை என்பதே உண்மையாக இருத்தல் கூடும்.

நடுச்செவி என்னும் சிற்றறை

செவித்துளையின் முடிவில் செவிப்பறை உள்ளது. அதன் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. இழுத்துக் கட்டிய பாவு சிறிது தட்டினாலும் அதிர்வது போல, காற்றில் வரும் ஒலியால் இப்பறை அதிர்கிறது. பறைக்குப் பின்னே காற்று நிரம்பிய சிற்றறை ஒன்று இருக்கிறது. அதுவே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி எனப்படும் மூன்று சிறு எலும்புகள் அவ்வறையில் ஒன்றோடொன்று கோத்தாற்போல் நின்று, பறையின் அதிர்ச்சியை உட்செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர் உயரமே உடையது. நமது உடம்பிலுள்ள எலும்புகளுள் மிகச் சிறியது அதுவே.

இவ்வறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் செல்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, அறைக்குள் புதுக்காற்றை விடுகிறது. அறையில் ஊறும் நீரையும் கீழே வடிக்கிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும், சாய்வின்றிக் கிடையாகவும் இருக்கிறது. சரிவில்லாத வாய்க்காலில் நீர் தேங்குவதை விவசாயிகள் அறிவர். சளி பிடித்து மூக்கின் உட்சவ்வு வீங்கினால் அக்குழல் அடைபடுகிறது. அறையில் நீர் தேங்குகிறது. மூக்கிலும் தொண்டையிலும் வழக்கமாகத் தங்கியிருக்கும் கிருமிகள் மேலேறி அங்கே பெருகுகின்றன. குழந்தைகளின் காதுவலி பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது.

உடல் அறிவிக்கும் முறை

கிருமி உள்ளே புகுந்ததை உடல் எங்ஙனம் அறிகிறது? அறையின் உட்சவ்விலுள்ள உயிரணுக்களிலும், அங்கே காவலிருக்கும் விழுங்கணுக்களிலும், கிருமிகளின் மேலுறைப் பொருளைத் தொட்டறியும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றுக்கு டோல் வகை ஏற்பிகள் என்று பெயர். இப்பெயர் பழங்களை மொய்க்கும் சிறு ஈயிடமிருந்து வந்தது. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், டோல் என்ற மரபணு கெட்ட ஈக்கள் பூஞ்சணத்தை எதிர்க்க இயலாமல் மடிவதை 1996ஆம் ஆண்டில் கண்டனர். அதை ஒத்த ஏற்பி ஒன்று எலிகளிடத்தில் பாக்டீரியாக்களின் உறைப் பொருளை இனங்காண்கிறது என்பதை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் காட்டினார். இவ்விருவரும் 2011ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றோருள் ஆவர்.

ஏற்பி கிருமியைத் தொட்டறிந்தவுடன், உயிரணுவின் உள்ளே செய்தி படிப்படியாகக் கைமாறுகிறது. இறுதியில் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம் உயிரணுவின் கருவுக்குள் சென்று, அங்குள்ள மரபணுக்களை வேலை செய்யத் தூண்டுகிறது. இப்புரதத்தை 1986ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவர். இத்தூண்டுதலின் பயனாக உயிரணு சில தூதுப் புரதங்களை உண்டாக்கி வெளியே விடுகிறது. சைட்டோகைன்கள் என்று அவற்றைக் கூறுவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. டி.என்.எஃப். என்பதும் இன்டர்லூக்கின்-1 என்பதும் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்து, சவ்வை வீங்கச் செய்கின்றன, காய்ச்சலையும் உண்டாக்குகின்றன. இன்டர்லூக்கின்-8 வெள்ளணுக்களைக் கூவி அழைக்கிறது. அவ்வாறு வந்து, கிருமிகளோடு போரிட்டு மடிந்த வெள்ளணுக்களின் குவியலே நாம் சீழ் என்று காண்பது.

ஆகவே சீழ் என்பது கிருமி மட்டுமன்று. நமது உடலின் படையும் அதில் அடங்கும். வலியும் வீக்கமும் காய்ச்சலும் அப்படையைத் திரட்டிய அறிவிப்பின் அடையாளங்களே.

இதில் வியக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. என்.எஃப். கப்பா-பி எந்த மரபணுக்களைத் தூண்டுகிறதோ, அவற்றுள் ஒன்று அதனையே கட்டிப்போடும் புரதத்தை உண்டாக்கும் மரபணு ஆகும். திரண்டு வாருங்கள் என்ற உத்தரவோடு, கலைந்து செல்லுங்கள் என்ற உத்தரவும் சேர்ந்தே எழுதப்படுகிறது. இன்டர்லூக்கின்-10 போன்ற வேறு தூதுகளும் அழற்சியைத் தணிக்கின்றன. கிருமி ஒழிந்தால் அறிவிப்பு ஓய்கிறது, வீக்கம் வற்றுகிறது, குழல் திறக்கிறது, காது முன்போல் கேட்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பது இதுவே.

அறிவிப்பு ஓயாதபோது நேர்வது

ஒரு வயலில் மாடு புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காவற்காரர் குரல் கொடுக்கிறார். ஊரார் ஓடிவந்து மாட்டை விரட்டுகின்றனர். ஓடிவந்தவர்களின் கால்பட்டுச் சிறிது பயிர் மிதிபடுவது இயல்பு. அது சில நாட்களில் நிமிர்ந்துவிடும். ஆனால் மாடு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் பதுங்கி, அடிக்கடி தலை காட்டிக்கொண்டே இருப்பின் என்னாகும்? காவற்காரரின் குரல் ஓயாது. ஊரார் நாள்தோறும் வயலில் இறங்கியபடி இருப்பர். மாடு தின்றது கொஞ்சம், ஊரார் மிதித்தது அதிகம் என்ற நிலை வந்துவிடும். நாட்பட்ட நடுச்செவி அழற்சியில் நேர்வது ஏறத்தாழ இதுவே.

கிருமிகள் பதுங்குவது எவ்வாறு? அவை தனித்தனியே மிதப்பதை விட்டு, கூட்டமாகச் சவ்வின்மேல் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற போர்வையை உண்டாக்கிக்கொள்கின்றன. தொட்டிச் சுவரில் படியும் வழுவழுப்பான பாசியைப் போன்றது அது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நாட்பட்ட நடுச்செவிக் கோளாறுடைய குழந்தைகளின் சவ்விலிருந்து எடுத்த 50 துண்டுகளை ஆராய்ந்து, 46இல் இத்தகைய படலம் இருப்பதைக் கண்டனர். போர்வைக்குள் இருக்கும் கிருமிகளை மருந்தும் எளிதில் அணுகாது. வெள்ளணுக்களும் எளிதில் விழுங்கா. ஆயினும் அவற்றின் உறைப் பொருள் கசிந்து வெளிவந்து, ஏற்பிகளைத் தூண்டியபடியே இருக்கிறது.

செவிப்பறையில் துவாரம் விழுந்துவிட்டாலோ, வெளியிலிருந்தும் கிருமிகள் வரத் தொடங்குகின்றன. நாட்பட்ட சீழ்க்காதில் அதிகமாகக் காணப்படும் சூடோமோனாஸ் என்ற கிருமி, நீரிலும் ஈரமண்ணிலும் வாழ்வது. குளத்தில் முழுகும் ஒவ்வொரு தடவையும், தலைக்குக் குளிக்கும்போது காதில் நீர் புகும் ஒவ்வொரு தடவையும், அக்கிருமி உள்ளே செல்ல வழி ஏற்படுகிறது. மாட்டுக்கு வேலியின் இரு புறமும் திறந்துவிட்டாற்போல் ஆகிறது.

இவ்வாறு அறிவிப்பு மாதக்கணக்கில் தொடரும்போது நான்கு வகைக் கேடுகள் விளைகின்றன.

முதலாவது: மெல்லியதாயிருந்த உட்சவ்வு தடித்து, கோழை சுரக்கும் அணுக்கள் அதில் பெருகுகின்றன. தூதுப் புரதங்களே கோழையை உண்டாக்கும் மரபணுக்களையும் தூண்டுகின்றன. மடிந்த வெள்ளணுக்களினின்றும் வெளிப்படும் நூல் போன்ற பொருள்கள் அக்கோழையோடு சிக்கி, அதனைப் பசையாக்குகின்றன. அது குழலின் வழியே வடிவதில்லை.

இரண்டாவது: எலும்பு அரிக்கப்படுகிறது. நமது எலும்பைச் சிறிது சிறிதாக அரித்துப் புதுப்பிக்கும் உயிரணுக்கள் இயல்பாகவே உண்டு. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய தூதுகள் ஓயாது வந்துகொண்டிருப்பின், அவ்வணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. பட்டடை எலும்பின் நீண்ட காலுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலின் பெரும்பாலும் அதுவே முதலில் தேய்கிறது. மூன்று எலும்புகளின் கோவை அங்கே அறுபடுகிறது. இழை அறுந்தபின் பாவு எவ்வளவு அதிர்ந்தென்ன? பறைக்கும் உட்செவிக்கும் தொடர்பு போய்விடும்போது, செவிக்குறைவு 60 டெசிபெல் வரை செல்லும். சாதாரணப் பேச்சின் ஒலி அளவே ஏறத்தாழ அவ்வளவுதான்.

மூன்றாவது: நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே வட்டச் சாளரம் என்னும் மெல்லிய சவ்வு உள்ளது. அழற்சிப் பொருள்களும் கிருமிகளின் நஞ்சும் அதன் வழியே ஊறி உட்செவிக்குச் செல்லக்கூடும். அங்கே கெட்ட உயிரணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. எலும்பின் குறையை அறுவைச் சிகிச்சையால் சீர் செய்யலாம், இதனைச் செய்யவியலாது.

நான்காவது: சிலருக்குச் செவிப்பறையின் தோல் உட்புறமாக வளர்ந்து, உதிர்ந்த தோலெல்லாம் அங்கே பந்துபோல் சேருகிறது. கொலெஸ்டியடோமா என்று இதற்குப் பெயர். இது சுற்றிலும் அதே அழற்சித் தூதுகளை எழுப்பி, எலும்பை அரித்துக்கொண்டு மூளையின் உறை வரை செல்ல வல்லது. சீழ் கொஞ்சமாக வந்தாலும் துர்நாற்றம் மிகுந்திருப்பின் இதனை ஐயுற வேண்டும். கொஞ்சந்தானே வடிகிறது என்று ஆறுதல் கொள்வது பெரும் அபாயம்.

அறிவிப்பை அடக்கிவிட்டால் போதாதா?

இவ்வளவு கேடும் உடலின் அறிவிப்பால் விளைவதாயின், அவ்வறிவிப்பையே மருந்தால் அடக்கிவிடலாமே என்ற கேள்வி எழும். விஞ்ஞானிகளும் இதனைக் கேட்டுச் சோதித்துள்ளனர். கிடைத்த விடைகள் கவனிக்கத் தக்கவை.

ஏற்பியிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் மைடி-88 என்ற புரதம் இல்லாத எலிகளின் நடுச்செவியில் கிருமியைச் செலுத்தி, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகர ஆராய்ச்சியாளர் 2008ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அறிவிப்பு குறைந்தமையால் அந்த எலிகளின் அழற்சி எளிதில் தீர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். நடந்தது வேறு. சாதாரண எலிகள் குணமடைந்த பின்னரும், அந்த எலிகளின் காதில் கிருமியும் அழற்சியும் நீடித்தன. குரல் கொடுக்கும் காவற்காரரை வேலையிலிருந்து நீக்கிவிட்டால், மாடு வயலிலேயே தங்கிவிடும் அன்றோ?

குழந்தைகளிடத்தும் ஒரு சோதனை நடந்தது. சீழின்றி, நடுச்செவியில் பசைநீர் தேங்கிக் கேள்வி குறைந்த 389 குழந்தைகளுக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏழு நாட்கள், ஒரு சாராருக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தும், மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தனர். முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐந்து வாரங்களுக்குப் பின் கேள்வி போதிய அளவு திரும்பியவர்கள் மருந்து உண்டவருள் 100க்கு 40, உண்ணாதவருள் 100க்கு 33. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது என்பதால், மருந்தால் பெரும்பயன் இல்லை என்று முடிவு செய்யப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கருத்து ஒன்றே. அறிவிப்பு நமக்குப் பகையன்று. அதனை எழுப்பும் காரணத்தை அகற்றாமல் அறிவிப்பை மட்டும் அடக்குவது பயன் தராது. காரணத்தை அகற்றினால் அறிவிப்பு தானே ஓயும். உடலிலேயே அதற்கான ஏற்பாடு உண்டு. சீழ்க்காதுக்கு இன்று வைத்தியர்கள் சொல்லும் முறைகள் யாவும் இக்கருத்தின் வழிப்பட்டவையே.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

காதை உலர்ந்ததாக வைத்திருப்பதே முதற்கடமை. மிருதுவாகத் துவைத்துத் துவைத்துப் பழகிய, நீரை உறிஞ்சும் சுத்தமான பருத்தித் துணி நெசவாளர் வீட்டில் இல்லாமல் போகாது. அதன் சிறு துண்டைத் திரியாகத் திரித்து, காதுமடலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, செவித்துளையில் மெதுவாக வைக்க வேண்டும். ஈரம் ஊறியதும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்க வேண்டும். திரி உலர்ந்தே வரும்வரை இப்படிச் செய்து, நாளொன்றுக்கு மூன்று தடவை தொடரலாம். திரியைக் காதிலேயே விட்டுவைக்கலாகாது. குச்சியில் சுற்றிய பஞ்சும், கொண்டை ஊசியும், கோழி இறகும், சாவியும் காதில் நுழைதல் கூடாது.

வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்தை, இவ்வாறு காதை உலர்த்திய பின்னரே விடவேண்டும். சீழ் நிறைந்த காதில் விட்ட மருந்து சவ்வைச் சேராமல் சீழிலேயே கலந்து வீணாகும். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற சொட்டு மருந்து, வாய்வழி உண்ணும் மாத்திரையைவிட இந்நோய்க்கு அதிகப் பயன் தருவதாகக் காணப்பட்டுள்ளது. ஆனால் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு சொட்டு மருந்தைத் துவாரமுள்ள காதில் விடலாகாது. சிலவகை மருந்துகள் உட்செவியைக் கெடுக்கக்கூடியவை. இரண்டு நாளில் சீழ் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்துவதும் தவறு. போர்வைக்குள் பதுங்கிய கிருமிகள் மீண்டும் தலைதூக்கும்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு முதலியவற்றைக் காதில் விடுவது நமது வீடுகளில் பழைய வழக்கம். அன்பினால் செய்யப்படுவதாயினும், துவாரமுள்ள காதில் அவை நேரே நடுச்செவிக்குச் சென்று, ஈரத்தையும் கிருமியையும் கூட்டி, ஓயவேண்டிய அறிவிப்பைப் புதிதாக எழுப்புகின்றன. குளம், கிணறு, கடல் ஆகியவற்றில் முழுகுவதையும் தவிர்க்க வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொள்வது நலம்.

சீழ் நின்றபின்னும் துவாரம் தானே மூடாதிருக்கலாம். அவ்வாறு இருப்பின், காதின் மேற்புறமுள்ள தசையின் உறையிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்துத் துவாரத்தில் ஒட்டுப் போடும் அறுவைச் சிகிச்சை உண்டு. தேய்ந்த எலும்புக் கோவையையும் பல சமயங்களில் இணைத்துவிட முடியும். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மானிய வைத்தியர்கள் முறைப்படுத்திய இச்சிகிச்சை இன்று நமது நாட்டில் பரவலாகச் செய்யப்படுகிறது. துவாரம் மூடினால் வெளிக்கிருமிக்கு வழி அடைபடுகிறது. அழற்சி திரும்பும் வாய்ப்பும் குறைகிறது.

காதின் பின்புறம் வீங்குதல், கடுந்தலைவலியுடன் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அழற்சி காதைக் கடந்து மூளைப் புறம் செல்கிறது என்பதற்கு அவை அறிகுறிகள்.

வருமுன் காத்தலும் நமது கையில் உள்ளது. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுத்தல், படுத்தவாறு புட்டிப்பால் கொடாமை, வீட்டினுள் அடுப்புப் புகையும் பீடி சிகரெட்டுப் புகையும் சேராமை ஆகியவை காதைக் காப்பன. நிமோனியாவுக்கும் காதழற்சிக்கும் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி, 2017ஆம் ஆண்டு சில மாநிலங்களில் தொடங்கி, 2021ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் சர்க்கார் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அத்தவணைகளைத் தவறவிடலாகாது. தடுப்பூசி செய்வதும், கிருமி எப்படியிருக்கும் என்பதை உடலுக்கு முன்னரே அறிவித்து வைப்பதேயாகும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

நமது புதுவை இவ்வகையில் பேறு பெற்ற ஊர். பிரெஞ்சு ஆட்சியில் 1823ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964ஆம் ஆண்டு முதல் ஜிப்மர் என்னும் பெயருடன் விளங்கி, 2008ஆம் ஆண்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்ட பெரிய ஆஸ்பத்திரி கோரிமேட்டில் இருக்கிறது. நகரினுள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் காது, மூக்கு, தொண்டைப் பகுதிகள் உள்ளன. செவிட்டுத்தன்மையைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2007ஆம் ஆண்டில் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது. ஆகவே வைத்திய வசதி இல்லை என்பது நமக்குக் காரணமாகாது. காது நோயைச் சிறு நோய் என்று கருதும் எண்ணமும், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையுமே இடையூறுகள்.

கூலிக் கவலை உண்மையானது. அதனை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் தனியொருவர் செல்லும்போது ஏற்படும் செலவும் அலைச்சலும், பலர் கூடி ஏற்பாடு செய்யும்போது குறைந்துவிடும். அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பமானாலும், பாகூரில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பமானாலும், பின்வரும் மூன்று காரியங்கள் எந்தச் சங்கத்தின் சக்திக்கும் உட்பட்டவை.

ஒன்று: நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் செய்து, அங்கத்தினர் குடும்பங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் காதில் சீழ் வடியும் குழந்தைகளின் கணக்கை எடுக்கலாம். கடன் பாக்கிப் பட்டியல் தயாரிப்பதைவிட இது கடினமான வேலையன்று.

இரண்டு: அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியருக்கு எழுதி, சங்கக் கட்டிடத்திலேயே ஒரு நாள் காதுப் பரிசோதனை நடத்தக் கோரலாம். மார்ச் மாதம் 3ஆம் தேதி உலகச் செவிப்புலன் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அதனையொட்டிக் கேட்பது பொருத்தமாக இருக்கும். அறுவைச் சிகிச்சை வேண்டியவர்களை ஒரே நாளில் ஒரே வண்டியில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம்.

மூன்று: முன்னரே கேள்வி குறைந்துவிட்ட அங்கத்தினர்களுக்குக் கூட்டத்தில் முன்வரிசையில் இடம் கொடுத்து, தீர்மானங்களை அவர்களை நோக்கி நிதானமாக வாசிக்கச் செய்யலாம். எழுத்து வடிவிலும் ஒரு பிரதி கொடுக்கலாம். கேளாமல் இட்ட கையொப்பம் சட்டப்படி செல்லுபடியாகலாம். கூட்டுறவுக் கொள்கைப்படி அது நிறைவானதன்று.

நாட்பட்ட காது நோயில் நாம் அஞ்சவேண்டியது சீழின் அளவை அன்று. அதன் கால நீட்சியை. ஒவ்வொரு வாரமும் அறிவிப்பு ஓயாமல் தொடர்வதால் சவ்வு தடிக்கிறது, எலும்பு தேய்கிறது. பேச்சு கற்கும் வயதில் கேள்வி குன்றிய குழந்தை, பின்னர் கேள்வி திரும்பினும், தவறிய பாடங்களை ஈடு செய்ய மிகவும் பாடுபட வேண்டியிருக்கும். இந்த இதழைப் படிக்கும் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் குழந்தைகளின் காதை வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்க வேண்டுகிறோம். சீழோ துர்நாற்றமோ காணப்படின், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல், சுத்தமான துணித் திரியால் துடைத்து, அடுத்த வேலை நாளிலேயே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டுகிறோம்.